அசற்றோனுக்குத் தீட்டுத் தெரியாது

தம்பி,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன், பிறகு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு அது முன்னால் வந்து நிற்க மாட்டேன் என்கிறது. நேரில் பேசலாம் என்று திகனவுக்கு, நீ தங்கியிருக்கிற மாமா வீட்டுக்கு வந்தேன். உன் மாமா என்னை முன்னறைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, "அவன் பயணச் சாமான் வாங்கப் போயிட்டான்க்கா" என்றான். உன் செருப்பு வாசலில் கிடந்தது. உன் இருமலும் உள்ளறையிலிருந்து கேட்டது. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கியவள் நான். பெற்ற ஒருவனைப் பிடித்து உட்காரவைக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் மாமா படித்தாலும் சரி, கட்டுகஸ்தோட்டையில் உன் கண்ணாடியிழைப் பட்டறைச் சுவரில் யாராவது ஒட்டி வைத்தாலும் சரி. உன் மாமாவான என் தம்பியைப் பற்றியும் இதில் இருக்கிறது, அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

புஷ்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆயுத பூசையன்று உன் பட்டறையில் எரிந்த புஷ்பாவைத்தான் சொல்கிறேன். பெயர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இன்னும் ஆஸ்பத்திரி வாட்டில்தான் இருக்கிறாள். வலது கை முழங்கை வரைக்கும் துணி சுற்றிக் கிடக்கிறது. கழுத்துப் பக்கம் தோல் காய்ந்து இழுப்பதால் என்னைப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கிறாள். நான் போனதும் அந்த அம்மா எழுந்து என் காலைத் தொட வந்தாள். "மன்னிச்சிக்குங்க டீச்சரம்மா, எம்புள்ள தெரியாம செஞ்சிட்டா" என்றாள். எரிந்து கிடக்கிறவளின் அம்மா, எரியவைத்தவனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இந்த அலங்கோலத்தைச் செய்தது உன் வாய்.

உன் வாய் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தீப்பிடித்த அன்று நீ என்னிடம் சொன்னது வேறு. அன்று நான் பூசைக்கு வரப் பிந்திவிட்டேன். மழையில் மகாவலிப் பாலத்தில் பஸ் நகரவேயில்லை. இறங்கி நடந்து வந்து சேரும்போது அவளைச் சாக்கில் சுற்றித் திரீவீலரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். "நான்தாம்மா ஃபேனை நிப்பாட்டச் சொன்னேன். சூடம் அணையும்னு நான்தான் சொன்னேன்" என்றாய். என் சேலையில் உன் கண்ணீர் பட்ட ஈரம் காய்வதற்குள், உன் மாமா யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு தூரமா இருந்திருக்கா. தீட்டோட சூடம் காட்டினா சாமி சும்மா இருக்குமா? இது சாமி குத்தம்" என்றான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அழுகையும் நின்றுபோனது. மறுநாள் பட்டறையில் எல்லாரையும் கூட்டி வைத்து நீயே அந்த வார்த்தையைச் சொன்னாயாம். பரிகாரத்துக்கு ஐயரையும் பார்க்கச் சொன்னாயாம்.

இரசாயன வகுப்பில் அல்டிகைட்டு, கீற்றோன் என்ற இரண்டு வகைச் சேர்வைகளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு வெள்ளியாடிப் பரிசோதனை காட்டுவேன், ஞாபகமிருக்கிறதா? அல்டிகைட்டாக இருந்தால் சோதனைக் குழாயின் உட்பக்கம் கண்ணாடியாகப் பளபளக்கும், அதில் உன் முகம் தெரியும். கீற்றோனைப் போட்டால் ஒன்றும் தெரியாது, எவ்வளவு சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். அன்று தாழ்வாரத்தில் உன் முகம் அப்படித்தான் இருந்தது.

உன் மாமாவுக்கு இரசாயனம் தெரியாது. அவன் கடை வைத்திருப்பவன், வாயில் வந்ததைச் சொல்வான், நாளைக்கு மறந்துவிடுவான். உனக்குத் தெரியும். என் வகுப்பில், முன்வரிசையில், என் மகன் என்று எந்தச் சலுகையும் இல்லாமல் உட்கார்ந்து படித்தவன் நீ. உலர்ந்த கல்சியம் அசற்றேற்றைக் குழாயில் போட்டுச் சூடாக்கி, வருகிற ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக அசற்றோன் எடுத்தபோது, குழாயைப் பிடித்திருந்த கை உன்னுடையது. இரண்டாவது முறையாக, வழி அற்ககோல் என்கிற வகை அற்ககோல் ஒன்றை ஒட்சியேற்றிக் காட்டினேன். செம்மஞ்சள் இருகுரோமேற்று பச்சையாக மாறியதும் "டீச்சர், முடிஞ்சிருச்சு" என்று கத்தினாய். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீ ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பெரிய ஆலைகளில் இப்படிச் சொட்டுச் சொட்டாக எடுப்பதில்லை, கியூமீனிலிருந்து பீனோலையும் அசற்றோனையும் ஒன்றாக எடுக்கிறார்கள் என்று நான் சொன்னதைப் பரீட்சையில் நான் எழுதச் சொன்னதற்கு மேலேயே எழுதினாய். அப்படி எழுதியவனுக்கு "சாமி குத்தம்" என்ற விடை எந்தப் பாடத்தில் கிடைத்தது?

சரி, மறுபடியும் பாடம் எடுக்கிறேன். கேள். அசற்றோன் நிறமில்லாத திரவம். இனிப்பும் காரமுமாக மணக்கும். தண்ணீரோடும் கலக்கும், எண்ணெயோடும் கலக்கும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற அந்தக் குணத்தால்தான் அது நல்ல கரைப்பான். நகப்பூச்சை அழிக்கவும், ஆய்வுகூடத்தில் கழுவிய கண்ணாடிச் சாமான்களைச் சட்டென்று காயவைக்கவும், மருந்து செய்யவும், உன் பட்டறையில் கண்ணாடியிழை வேலை முடிந்ததும் தூரிகையிலும் உருளையிலும் பிசின் இறுகுமுன் கழுவவும் அதுதான் வேண்டும். தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்னாலேயே, ஐம்பத்தாறு பாகையில் கொதித்துவிடும். கொதிக்கும்வரை காத்திருப்பதும் இல்லை. திறந்து வைத்தாலே போய்க்கொண்டிருக்கும். கையில் பட்டால் குளிர்வதே அது ஆவியாகிப் போவதால்தான். தண்ணீர் உறைகிற குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். பட்டறை தொடங்கிய புதிதில் நான் இதைச் சொன்னபோது, "இது கண்டிம்மா, கொழும்பு இல்ல. இந்தக் குளிருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாய். கண்டியின் குளிர் உனக்குச் சுவெட்டர் போடப் போதும், அசற்றோனை அடக்கப் போதாது. முக்கியமானது இது: அந்த ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனம். மேலே போகாது. கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து, சாமான்களுக்கு அடியில் தேங்கி நிற்கும். அதற்காகத்தான் சுவரின் அடியில், தரையோடு ஒட்டி ஃபேன் வைக்கச் சொன்னேன். நீயும் வைத்தாய். நல்ல பிள்ளையாக வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் நிறுத்தியும் விட்டாய்.

இப்போது, உன் பட்டறை ஆட்களிடம் கேட்டதை வைத்து, அன்று நடந்ததைச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்து. ஆயுத பூசை. சாமான்களைச் சுத்தமாக்கிச் சாமிக்கு முன் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் தேய்த்துக் கழுவுவார்கள். உன் பட்டறையில் சாமான் என்றால் பிசின் ஒட்டிய தூரிகையும் உருளையும் கத்தரிக்கோலும்தான், அவற்றைத் தண்ணீர் அசைக்காது. அதனால் ஒரு பேசின் நிறைய அசற்றோன் ஊற்றி, எல்லாவற்றையும் ஊறவைத்து, துணியால் துடைத்துப் பளபளவென்று வாழையிலையில் அடுக்கினீர்கள். சந்தனம் வைத்தீர்கள், குங்குமம் வைத்தீர்கள். பேசினையும் நனைந்த துணிகளையும் அசிங்கமாக இருக்கிறது என்று பூசை மேசைக்கு அடியில் தள்ளினீர்கள். வெளியில் மழை, சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கினீர்கள். ஃபேன் ஓடினால் கற்பூரம் அணையும் என்று அதையும் நிறுத்தினீர்கள். சுத்தம், பக்தி, ஒழுங்கு என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தீர்கள். எல்லாம் சேர்ந்து அந்த அறையைத் தீக்குத் தயாராக்கின. மிச்சமிருந்தது ஒரு சுடர். அதைப் பிடிக்கப் புஷ்பாவைக் கூப்பிட்டாய்.

அவள் பின்வாங்கினாள். அதுவும் எனக்குத் தெரியும். "வேணாங்கய்யா, வேற யாராச்சும் காட்டட்டும்" என்றிருக்கிறாள். காரணத்தை அத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? நீ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா காட்டு புஷ்பா, நேரமாவுது" என்றாய். முதலாளி சொன்னால் தட்டை வாங்காமல் என்ன செய்வாள்? வாங்கினாள். மேசைக்கு முன் குனிந்து சாமான்களுக்குத் தீபம் காட்டினாள். குனிந்த இடத்தில் ஆவி நின்றுகொண்டிருந்தது. நீயே கூப்பிட்டு, நீயே தட்டைக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவள் சொல்லக் கூசிய அந்த ஒரு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லி, அதுவே காரணம் என்கிறாய். இதைவிடக் கேவலமான ஒன்றை நீ செய்து நான் பார்த்ததில்லை.

ஒன்று சொல்கிறேன், இது நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது. கற்பூரமும் ஒரு கீற்றோன்தான். தட்டில் எரிந்ததிலும் பேசினில் இருந்ததிலும் இருப்பது காபனைல் என்ற அதே அணுக்கூட்டம். பங்காளிகள் இரண்டு பேர் ஒரு மூடிய அறையில் சந்தித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. யார் குளித்தார், யார் குளிக்கவில்லை, யாருக்கு எந்த நாள் என்று அந்த ஆவி விசாரிக்கவில்லை. ஐயரே குளித்து மடியாக வந்து தட்டைப் பிடித்திருந்தாலும் அவர் கைதான் எரிந்திருக்கும். நீ பிடித்திருந்தால் உன் கை. நான் தினமும் வீட்டில் கற்பூரம் காட்டுகிறவள். சாமியோடு எனக்குச் சண்டையில்லை. தன் குற்றத்தைச் சாமியின் தலையில் கட்டுகிறவனோடுதான் சண்டை.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு மாலை. நீயும் நானும் அதே பஸ்ஸில் பின்னால் நின்றோம். அப்பா முன்னால் கம்பியைப் பிடித்துத் தள்ளாடினார். பேச்சு குழறியது. கொண்டக்டர் அவரைப் பார்த்துச் சிங்களத்தில் "பீலா இன்னே" என்றான். குடித்திருக்கிறார் என்று பஸ்ஸே சிரித்தது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் அவரை இறக்கிவிடப் பார்த்தார்கள். தெரிந்த முகங்கள் எத்தனையோ. நான் வெட்கத்தில் முந்தானையை இழுத்துக்கொண்டு நின்றேன். நீ ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய், அப்பாவின் வாய்க்கு அருகில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாய். பிறகு அந்த பஸ் முழுவதும் கேட்கக் கத்தினாய். "இது சாராயம் இல்ல! அசற்றோன்! எங்கப்பாவுக்குச் சீனி ஏறியிருக்கு, ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" சிங்களத்திலும் சொன்னாய், தமிழிலும் சொன்னாய். சீனி வியாதி முற்றினால் உடம்பே அசற்றோனை உண்டாக்கும், மூச்சில் பழ வாசம் வரும் என்று அந்தக் கிழமைதான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த பஸ் சத்தியமாகத் திரும்பி ஆஸ்பத்திரிக்கே போனது. கொண்டக்டர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதற்குப் பிறகு அப்பா எங்களோடு பல வருடம் இருந்தார். அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவன் வாய் திறந்து காரணத்தைச் சொன்னான்.

அந்தப் பையனைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் பல வருடம் பீற்றிக்கொண்டேன். உன் அப்பாவும்தான். வருகிற போகிறவர்களிடமெல்லாம் "எம்மகன் மோந்து பார்த்தே கண்டுபிடிச்சான்யா" என்பார். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்வார். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், அதே மூக்கை வைத்துக்கொண்டு உன் பட்டறை வாசலில் நின்று என்ன சொல்வார் என்று யோசித்துப் பார். ஊரே ஒரு மனிதனுக்குத் தப்பான காரணம் சொன்னபோது பொறுக்க முடியாமல் கத்தியவன் நீ. இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அதே தப்பான காரணத்தை நீயே கையில் கொடுக்கிறாய். அன்று மாட்டிக்கொண்டது உன் அப்பா, இன்று மாட்டிக்கொண்டது கூலிக்கு வந்த தோட்டத்துப் பெண். வித்தியாசம் அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றால் சொல்லிவிடு, நான் பெற்றதை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

அவள் தை மாதம் கலியாணத்துக்கு நிச்சயமானவள். மாப்பிள்ளை வீட்டில் கைக் காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். காயம் ஆறிவிடும் என்றார்களாம். "சாமி குத்தம் உள்ள பொண்ணு" என்ற பேச்சுத் தோட்டத்துக்குப் போன பிறகுதான், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீ கையைத்தான் சுட்டது. மற்றதைச் சுட்டது நீ.

புஷ்பாவிடம் நான் உண்மையைச் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆவி எப்படிக் கீழே இறங்கும், ஃபேன் எதற்கு, யார் நிறுத்தச் சொன்னது, எல்லாவற்றையும் அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள், விளங்கவைக்கத் தெரியாதவள் இல்லை. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள். "நீங்க நல்லவங்க டீச்சர். எனக்காக மகன விட்டுக் குடுத்துப் பேசுறீங்க. ஆனா சின்னய்யா அப்புடிச் செய்ய மாட்டாரு. அவரு படிச்சவரு. நான் தீட்டோட தட்டைத் தொட்டது நெசந்தானே? எனக்குத்தான் தெரியுமே." அவளுடைய அம்மா கீழே பாயிலிருந்து தலையை ஆட்டினாள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் முகத்தில் இரக்கம்தான் வந்தது, நம்பிக்கை வரவில்லை. உன் பொய்யை அவள் என் உண்மையைவிட நம்புகிறாள், ஏனென்றால் அதைச் சொன்னது நீ. உன்னை அவ்வளவு மதிக்கிறாள்.

வருகிற வாரம் நீ நியூசிலாந்துக்குப் போகிறாய். அங்கேயும் கண்ணாடியிழை வேலை, அங்கேயும் அசற்றோன். அங்கே முகத்துக்கு மூடி கொடுப்பார்கள், துணி போட மூடியுள்ள தகரத் தொட்டி கொடுப்பார்கள், ஃபேனை நிறுத்தினால் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். எதையும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நன்றாகவே வாழ்வாய். போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. போ. ஆனால் "போயிட்டு வாறேம்மா" என்று சொல்ல என் வாசலுக்கு வருவதற்கு முன்னால் ஓரிடத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே போகாமல் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். மாமாவைத் தூது அனுப்பினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன், அந்த வித்தையை அவனிடமே கற்றுக்கொண்டேன்.

நாளைக்குப் பகல் பார்வை நேரத்துக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், அவர்களும் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லிப் புஷ்பாவின் அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள். என் மகன் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். வருவாய் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன், தம்பி. அது மட்டும் இன்னும் போகவில்லை.

வரும்போது திருநீறு, பிரசாதம், பழம் ஒன்றும் கொண்டுவராதே. அன்று பஸ்ஸில் இருந்ததே, அந்த வாயைக் கொண்டு வா.

அம்மா